ஒரு காட்டில் எத்தனை வகை மரங்கள்?

களியக்காவிளையில் பேருந்து ஏறி, மார்த்தாண்டம், குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்குச் சென்றிருக்கிறீர்களா, மாணவர்களே? செல்லாதவர்கள் ஒரு விடுமுறை நாளில் சென்று வாருங்கள். சன்னலோரத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். குலசேகரம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வரும். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக வெட்டிய கோடு, அதன் கீழே பால் சேரும் சிரட்டை. ஒரு மரத்தைப் பார்த்துவிட்டால் ஆயிரம் மரத்தையும் பார்த்தது போலத்தான். அணைக்கு அப்பால் கோதையாற்றுப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவு தொடங்குகிறது. அங்கே காடு. அதுவும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே பச்சைதான். ஆனால் உள்ளே சென்று ஒரு மரத்தின்கீழ் நின்று சுற்றிலும் பார்ப்பவருக்கு வேறொரு வியப்புக் காத்திருக்கும். தாம் நிற்கும் மரத்தைப் போன்ற இன்னொரு மரம் அடுத்தாற்போல் நிற்பது அரிது; பல சமயம் நெடுந்தூரம் தேடவேண்டும்.

இந்த வேறுபாட்டைக் கண் உணர்கிறது. ஆனால் அறிவியலுக்குக் கண் உணர்ந்தால் மட்டும் போதாது. இந்தக் காடு அந்தக் காட்டைவிட எத்தனை மடங்கு வகை மிகுந்தது? ஒரு பகுதியை அழித்தால் எத்தனை வகை போகும்? இவற்றுக்கு எண்ணால் விடை வேண்டும். எண் இல்லாதவரை, "எல்லாம் மரந்தானே, இதை வெட்டிவிட்டு அதை நட்டால் என்ன?" என்று கேட்பவருக்கு நம்மால் சரியான மறுமொழி சொல்ல இயலாது.

நம் ஊர்ப் பெயரிலேயே இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. வீட்டைச் சுற்றிப் பல மரங்களும் கிழங்கும் கொடியும் கலந்து வளரும் மேட்டு நிலத்தை நம் பக்கத்தில் "விளை" என்கிறோம். அயனி, பலா, மா, தென்னை, கமுகு, புளி, அவற்றின்மேல் படர்ந்த நல்லமிளகு, நிழலில் மரச்சீனி என்று ஒரு விளையில் பத்துப் பதினைந்து வகை சாதாரணமாக இருக்கும். விளைகள் பலவும் ரப்பர்த் தோட்டமாகிவிட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். வருமானம் பெருகியது உண்மை. ரப்பர் நட்டவரைக் குறை கூற நான் வரவில்லை. மாற்றத்தை அளப்பது எப்படி என்பதுதான் இப்போது நம் கேள்வி.

எண்ணுவது எப்படி?

முதல் வேலை, எல்லையை வகுப்பது. கயிறும் நாடாவும் கொண்டு 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள சதுரம் ஒன்றை அமைக்கிறார்கள். இத்தகைய சதுரங்கள் 25 சேர்ந்தால் ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். சதுரத்துக்குள் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த சிறு அலுமினியத் தகட்டைக் கட்டுகிறார்கள். பிறகு தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய நம் நெஞ்சளவில், மரத்தின் சுற்றளவை நாடாவால் அளக்கிறார்கள். அளந்த இடத்தில் வண்ணத்தால் ஒரு கோடும் போடுவார்கள். ஐந்து ஆண்டு கழித்து வருபவர் அதே இடத்தில் அளக்காவிட்டால், மரம் வளர்ந்ததா நம் கை தாழ்ந்ததா என்று தெரியாமல் போகும். பலகை வேர்கள் பரந்து நிற்கும் மரங்களில் அந்த வேர்களுக்கு மேலே அளக்கவேண்டும்.

இவையெல்லாம் பொறுமை இருந்தால் முடிகிற வேலைகள். மரத்தின் பெயரைச் சொல்வதுதான் கடினம். இலை 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூ ஆண்டுக்கு ஒருமுறையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறையோதான் வரும். பட்டையை மெல்லச் சீவி உள்நிறம் பார்ப்பது, கசியும் பாலைப் பார்ப்பது, உதிர்ந்த இலையை முகர்வது எனப் பல உத்திகள் உண்டு. நம் மலைகளில் வாழும் காணி மக்களைப் போல, காட்டையே வீடாகக் கொண்டவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். நூலறிவுக்கும் இங்கே பழைய மரபு இருக்கிறது. நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் அங்கே வனத்துறைத் தலைவராயிருந்த போர்டில்லன், திருவிதாங்கூர்க் காட்டு மரங்களைப் பற்றி 1908-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயரைத் தாங்கிய "அக்லையா போர்டில்லோனி" என்னும் மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியில் மட்டுமே வளர்கிறது.

அந்த மரத்தைப் பெருமளவில் காணக்கூடிய இடம் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலுள்ள காக்காச்சி. மேல்கோதையாறு மலைமேல் நம் மாவட்டத்தை ஒட்டியிருக்கிறதல்லவா, அதற்கு அப்பால் திருநெல்வேலிப் பக்கம், ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் உள்ள இடம். அங்கே 3.82 ஹெக்டேர் பசுமை மாறாக் காட்டைக் கணேஷ், கணேசன், சௌபத்ரா தேவி, பிரியா தாவீதர், கமல் பாவா ஆகியோர் ஆராய்ந்து, 1996-ஆம் ஆண்டில் "கரன்ட் சயின்ஸ்" இதழில் வெளியிட்டார்கள். அதில் ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. அவ்வளவு வகைகள் இருந்தும், வெடிப்பலா, பாலி, மேலே சொன்ன அக்லையா ஆகிய மூன்றே காட்டில் மேலோங்கி நிற்கின்றன. மற்ற வகைகள் பலவும் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடப்பவை. வெடிப்பலாவின் பூவும் விதையும் அங்குள்ள சிங்கவால் குரங்குகளுக்கு முக்கிய உணவு.

மற்ற இடங்களிலும் இவ்வாறு எண்ணியிருக்கிறார்கள். பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் 1980-இல் ஹப்பெல், ஃபாஸ்டர் என்னும் இருவர் 50 ஹெக்டேர்ப் பெருஞ்சதுரம் ஒன்றை வகுத்தார்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்றுகூட விடாமல் எண்ணினார்கள். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட செடிமரங்கள், ஏறத்தாழ 300 இனங்கள். மலேசியாவின் பாசோ காட்டில் அதே 50 ஹெக்டேரில் 800-க்கு மேல். போர்னியோ தீவின் லம்பீரில் 52 ஹெக்டேரில் 1,100-க்கும் மேல்! இலங்கையின் சிங்கராஜக் காட்டில் 25 ஹெக்டேரில் 200-க்குச் சற்று மேல். நம் முதுமலையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல் தொடங்கிய 50 ஹெக்டேரில் சுமார் 70 இனங்கள். முதுமலை குறைவு என்று வருந்தவேண்டாம். அது கோடையில் இலையுதிர்க்கும் வறண்ட காடு. அங்கே ஆண்டுதோறும் எந்த மரம் உயிரோடிருக்கிறது என்று பார்ப்பதால் வேறொன்று தெரிந்தது. தொடக்கத்தில் மிகுதியாயிருந்த "கைடியா" என்னும் சிறுமரத்தை யானைகள் ஒடித்தும் பட்டை உரித்தும் தின்றதால் சில ஆண்டுகளில் அது பெருமளவு குறைந்துவிட்டது. பிரிட்டன் தீவுகளின் இயற்கை மரவகைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 60-தான் என்பதை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வகைகளை எண்ணினால் போதுமா?

போதாது. ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கால் பார்ப்போம். இரண்டு நிலங்கள், ஒவ்வொன்றிலும் 100 மரங்கள், ஒவ்வொன்றிலும் 5 வகைகள். முதல் நிலம் ஒரு விளை. அதில் அயனி, பலா, மா, தென்னை, கமுகு ஒவ்வொன்றும் 20. இரண்டாம் நிலம் ரப்பர்த் தோட்டம். அதில் ரப்பர் 96, வேலியோரத்தில் அயனி, பலா, மா, தென்னை ஒவ்வொன்று. வகைகளை மட்டும் எண்ணினால் இரண்டுக்கும் மதிப்பெண் 5. ஆனால் இரண்டும் ஒன்றா?

1949-ஆம் ஆண்டில் எட்வர்டு சிம்ப்சன் என்பவர் "நேச்சர்" இதழில் ஒரே பக்கக் கட்டுரை ஒன்றில் இதற்கு வழி சொன்னார். இரண்டாம் உலகப் போரின்போது பகைவரின் மறைகுறிச் செய்திகளை உடைக்கும் பிளெட்சிலி பார்க்கில் பணியாற்றியவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மரத்தைத் தொடுங்கள். மறுபடியும் சுற்றிவந்து ஒரு மரத்தைத் தொடுங்கள். இரண்டும் ஒரே வகையாக இருக்க நிகழ்தகவு என்ன? விளையில் ஒவ்வொரு வகைக்கும் 0.2 × 0.2 = 0.04, ஐந்துக்கும் சேர்த்து 0.2. இதைத் தலைகீழாக்கினால் 1/0.2 = 5. தோட்டத்தில் ரப்பருக்கு 0.96 × 0.96 = 0.9216, மற்ற நான்குக்கும் சேர்த்து 0.0004, மொத்தம் 0.922. தலைகீழாக்கினால் 1.08. அதாவது பெயருக்கு ஐந்து வகை இருந்தாலும், தோட்டம் நடைமுறையில் ஒரே வகைதான். நம் கண் சொன்னதை எண்ணும் சொல்லிவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. இயற்பியல் ஆசிரியனான எனக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் அனுமதிச் சீட்டு அதுதான். தந்திச் செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று அளக்க 1948-இல் கிளாட் ஷேனன் ஒரு வாய்பாடு தந்தார். ஒவ்வொரு வகையின் பங்கையும் எடுத்து, அதன் தலைகீழின் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டவேண்டும். மடக்கை அட்டவணையைத் திறவுங்கள். விளையில் ஒவ்வொரு பங்கும் 0.2, தலைகீழ் 5, மடக்கை 0.699. ஐந்து முறை 0.2 × 0.699 என்று கூட்டினால் 0.699. எதிர்மடக்கை பார்த்தால் 5. தோட்டத்தில் ரப்பரின் பங்கு 0.96, அதன் தலைகீழின் மடக்கை 0.0177, பெருக்கினால் 0.017. மற்ற நான்கில் ஒவ்வொன்றின் பங்கு 0.01; தலைகீழ் 100; மடக்கை 2; ஆகவே 0.02 வீதம் 0.08. மொத்தம் 0.097. எதிர்மடக்கை 1.25.

இது சிம்ப்சன் தந்த 1.08 அன்றே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அரிய வகைகளுக்கு ஷேனன் சற்று மதிப்புத் தருகிறார். சிம்ப்சன் அவற்றை ஏறக்குறைய ஒதுக்கிவிடுகிறார். வெறுமனே வகைகளை எண்ணுபவரோ ஒற்றை மரத்துக்கும் 96 மரத்துக்கும் சம மதிப்புத் தருகிறார். எந்த அளவுகோல் சரி என்பதைவிட, எதை அறிய விரும்புகிறோம் என்பதே முதலில் தெளிவாகவேண்டும். ஆய்வறிக்கைகளில் "பன்மை இவ்வளவு" என்று ஓர் எண்ணைக் கண்டால், எந்த அளவுகோலால் என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். இன்னொரு செய்தி: ஷேனனின் இந்த வாய்பாடும், வாயு மூலக்கூறுகளின் ஒழுங்கின்மையை அளக்கும் என்ட்ரோபிக்குப் போல்ட்ஸ்மன் வழிவந்த வாய்பாடும் உருவில் ஒன்றே. தந்தியும் வாயுவும் காடும் ஒரே கணக்குக்குள் அடங்குவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

காணாததைக் கணக்கிடுதல்

இனி ஒரு விந்தை. நாம் காணாத வகைகள் எத்தனை என்பதைக் கண்ட வகைகளைக் கொண்டே மதிப்பிடலாம்!

மலேயாவில் பட்டாம்பூச்சிகளைத் திரட்டிய கார்பெட் என்பவரின் பட்டியல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷரின் கைக்கு வந்தது. ஒரே ஒரு பூச்சி மட்டும் அகப்பட்ட இனங்கள் 118. இரண்டு அகப்பட்டவை 74. மூன்று அகப்பட்டவை 44. எண்களைப் பாருங்கள், மிக அரியவைதாம் மிக அதிகம். அப்படியானால் ஒன்றுகூட அகப்படாத இனங்கள் எத்தனை? ஒரே ஒருமுறை கண்ட இனம், மயிரிழையில் தப்பாமல் நம் கையில் சிக்கியது. அப்படிச் சிக்கியவை பல என்றால், மயிரிழையில் தப்பியவையும் பல இருக்கவேண்டும். தைவான் நாட்டு அறிஞர் ஆன் சாவ் 1984-இல் ஓர் எளிய வாய்பாடு தந்தார். ஒருமுறை கண்டவற்றின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தி, இருமுறை கண்டவற்றின் இருமடங்கால் வகுங்கள். 118 × 118 = 13,924. இதை 148-ஆல் வகுத்தால் 94. குறைந்தது 94 இனங்கள் கார்பெட்டின் வலைக்குத் தப்பியிருக்கவேண்டும்.

இந்தச் சிந்தனையும் மறைகுறி உடைத்தவர்களிடமிருந்தே வந்தது. அடுத்துப் பிடிக்கும் பூச்சி புதிய இனமாயிருக்க நிகழ்தகவு என்ன என்பதற்கு ஆலன் டூரிங் கண்ட விடையை, அவரோடு பணியாற்றிய குட் என்பவர் 1953-இல் வெளியிட்டார். இதுவரை பிடித்தவை 200, அவற்றில் ஒருமுறை மட்டும் கண்ட இனங்கள் 10 என்றால், அடுத்தது புதியதாயிருக்க வாய்ப்பு ஏறத்தாழ 10/200, அதாவது நூற்றுக்கு 5. அவ்வளவே. இதே அடிப்படையில் 2022-ஆம் ஆண்டில் உலகளாவிய ஒரு குழு, உலகில் ஏறத்தாழ 73,000 மரவகைகள் இருக்கலாம் என்றும், அவற்றில் சுமார் 9,000 இன்னும் பெயரிடப்படாதவை என்றும் மதிப்பிட்டது.

பரப்புக்கும் வகைக்கும் உள்ள தொடர்பையும் சொல்லவேண்டும். பெரிய நிலத்தைப் பார்த்தால் புதிய வகைகள் வரும்; ஆனால் நிலம் இருமடங்கானால் வகை இருமடங்காகாது. சுவீடன் நாட்டு ஒலோஃப் அர்ரேனியஸ் 1921-இல் இதை ஒரு படிக்கணக்காக எழுதினார். (வேதியியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் ஸ்வாந்தே அர்ரேனியஸின் மகன்தான் இவர்.) படி பெரும்பாலும் கால்பங்கை ஒட்டி வருகிறது. அதாவது வகைகளின் எண்ணிக்கை பரப்பின் நான்காம் மூலத்தைப் போல் உயர்கிறது. வகைகள் இருமடங்காக, நிலம் 16 மடங்காகவேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டு, காட்டில் பாதி அழிந்தால் வகைகளில் நூற்றுக்கு 16 அழியும் என்று பலர் கணக்கிட்டு வந்தார்கள். 2011-இல் ஹே, ஹப்பெல் என்னும் இருவர் "நில்லுங்கள்" என்றார்கள். ஓர் இனத்தை முதன்முதலாகக் காண, அதன் ஒரே ஒரு மரத்தைச் சந்தித்தால் போதும். ஆனால் அந்த இனம் அழிய, அதன் கடைசி மரமும் போகவேண்டும். முதல் மரத்தைச் சந்திக்கத் தேவையான பரப்பைவிடக் கடைசி மரத்தை இழக்கத் தேவையான பரப்பு பெரிது. ஆகவே பழைய கணக்கு இழப்பை மிகைப்படுத்திவிடுகிறது. ஆனால் அக்லையா போர்டில்லோனி போல, ஒரு மலைமுனையில் மட்டுமே வாழும் இனத்துக்கு இந்த ஆறுதல் மிகக் குறைவு. அதன் முதல் மரமும் கடைசி மரமும் அடுத்தடுத்தே நிற்கின்றன.

ஏன் இத்தனை வகை?

அளந்தாயிற்று. இனி விளக்கவேண்டும். தென்கோடிக் காடுகள் ஏன் வளமாயிருக்கின்றன? மழை அதிகம் என்பது உடனே தோன்றும் விடை. ஆனால் கருநாடகத்து ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. நம் மலைகளுக்கு அவ்வளவு இல்லை. வேறுபாடு மொத்தத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. ஆகும்பேயில் தென்மேற்குப் பருவக்காற்று சில மாதங்களில் கொட்டிவிட்டுப் போகிறது. பிறகு நெடிய வறட்சி. அகத்தியமலைப் பக்கத்துக்கோ தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வறண்ட மாதங்கள் சிலவே. மலைத்தொடரில் வடக்கே செல்லச் செல்ல வறண்ட காலம் நீள்வதையும் அதற்கேற்பக் காடு மாறுவதையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பாஸ்கால் 1988-இல் வெளிவந்த நூலில் விரிவாகக் காட்டினார். வறட்சி நீளும்போது மரவகைகள் குறைவதைப் பிரியா தாவீதரும் உடன் ஆய்ந்தோரும் 2005-இல் எண்களால் காட்டினார்கள்.

வறட்சி பலரை வெளியேற்றும் என்பது புரிகிறது. ஆனால் வறட்சியில்லாத இடத்தில் ஏன் பலரும் சேர்ந்து இருக்கிறார்கள்? இதுதான் கடினமான கேள்வி. எல்லா மரங்களுக்கும் வேண்டியவை அதே வெயில், அதே நீர், அதே உப்புகள். பந்தயத்தில் ஒருவர்தானே வெல்லவேண்டும்? மிகத் திறமையான ஓர் இனம் மற்றவற்றை ஓரங்கட்டிக் காடு முழுவதையும் பிடித்திருக்கவேண்டாமா?

ஹப்பெல் 2001-இல் துணிச்சலான விடை ஒன்று சொன்னார். திறமை வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டு பாருங்கள்; வாயுவின் மூலக்கூறுகளைப் போல எல்லா மரமும் சமம். ஒன்று சாய்ந்த இடத்தில் எது முளைக்கும் என்பது தற்செயல். புது இனம் எப்போதாவது தோன்றும், பழையது எப்போதாவது மறையும். இந்த எளிய கணக்கே, மேலோங்கியவை சில, அரியவை பல என்னும் காக்காச்சி போன்ற அமைப்பை வியக்கத்தக்க அளவு ஒத்துவருகிறது. இயற்பியல் படித்த எனக்கு இது பிடித்திருக்கிறது. அதனாலேயே இதைச் சற்று ஐயத்தோடு பார்க்கிறேன்.

இன்னொரு விடை 1970-இல் டேனியல் ஜான்சனும் 1971-இல் ஜோசப் கானலும் தனித்தனியே கண்டது. தாய்மரத்தின் அடியில்தான் விதைகள் மிகுதியாக விழுகின்றன. அந்த இனத்தைத் தின்னும் பூச்சியும், அந்த இனத்தைத் தாக்கும் பூஞ்சையும் அங்கேதான் கூடுகின்றன. ஆகவே தாயின் நிழலில் முளைத்த கன்றுகள் மடிகின்றன. தொலைவில் விழுந்தது தப்புகிறது. தாய்க்குப் பக்கத்தில் ஏற்படும் வெற்றிடத்தில் வேறு இனம் வளர்கிறது. ஓர் இனம் பெருகப் பெருக அதன் எதிரிகளும் பெருகுவதால், எந்த இனமும் முழு ஆட்சி பிடிக்க முடியாது. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுக் காட்டில் பூஞ்சைக்கொல்லி தெளித்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி, தெளித்த இடங்களில் முளைத்த கன்றுகளின் பன்மை நூற்றுக்கு 16 குறைந்தது. நோய்க்கிருமிகள் பன்மையைக் காக்கின்றன! நோய் என்றால் கேடு என்றே பழகிய நமக்கு இது ஏற்கச் சற்றுக் கடினமான செய்திதான்.

இதற்கு உலகிலேயே பெரிய சோதனை நம் வீட்டு வாசலில் நிற்கும் ரப்பர் மரத்தைக்கொண்டே நடந்திருக்கிறது. ரப்பரின் தாயகம் அமேசான் காடு. அங்கே அது வரிசையில் நிற்பதில்லை. ஹெக்டேருக்கு ஒன்றிரண்டாகச் சிதறி நிற்கிறது. 1876-இல் விக்கம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. மறு ஆண்டில் சில சிங்கப்பூரை அடைந்தன. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சிறு குடும்பத்தின் வழித்தோன்றல்களே.

அமேசானிலேயே தோட்டம் போட்டால் என்ன என்று மோட்டார் வண்டி மன்னர் ஹென்றி ஃபோர்டு 1928-இல் தபஜோஸ் ஆற்றங்கரையில் காட்டை வெட்டி, "ஃபோர்டுலாந்தியா" என்று ஊரே அமைத்து, ரப்பரை நெருக்கமாக நட்டார். பணத்துக்குக் குறைவில்லை. மரங்கள் வளர்ந்து கிளைகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கியதும், தென் அமெரிக்க இலைக்கருகல் என்னும் பூஞ்சை நோய் மரத்துக்கு மரம் தாவியது. காட்டில் சிதறி நின்றபோது ஒரு மரத்திலிருந்து அடுத்த ரப்பருக்குத் தாவ, இடையே நின்ற வேறு மரங்கள் அந்தப் பூஞ்சைக்குத் தடையாயிருந்தன. தோட்டத்தில் அந்தத் தடை இல்லை. வேறிடத்தில் மறுபடி முயன்றும் பயனின்றி, 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசுக்கு விற்றுவிட்டு ஃபோர்டு நிறுவனம் வெளியேறியது.

அப்படியானால் குலசேகரத்தில் ரப்பர் எப்படி வரிசையில் நின்று பால் தருகிறது? விதை கடல் கடந்தது. அந்தப் பூஞ்சை கடக்கவில்லை. அது இன்றுவரை ஆசியத் தோட்டங்களில் கால்பதிக்கவில்லை. அங்கிருந்து வரும் செடிகளையும் பயணிகளின் பைகளையும் நாடுகள் கண்டிப்போடு சோதிப்பதன் காரணம் இதுவே. சிம்ப்சன் கணக்கில் 1.08 வாங்கிய தோட்டத்தின் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும். இன்று நம் பக்கத்துப் பல குடும்பங்களின் சோறு, வராத ஒரு பூஞ்சையை நம்பியிருக்கிறது.

நீங்களே சோதிக்க

ஜான்சனும் கானலும் சொன்னதைச் சோதிக்கப் பனாமா செல்லவேண்டியதில்லை. பழுத்த அயனி மரம் ஒன்று விளையில் இருந்தால் போதும். மழை தொடங்கி விதைகள் முளைத்ததும், அடிமரத்திலிருந்து 5 மீட்டர் வரை ஒரு வட்டம், 5 முதல் 15 மீட்டர் வரை ஒரு வளையம் என்று குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள அயனிக் கன்றுகளை எண்ணி, அருகே நூல் கட்டிய ஈர்க்குச்சி ஒன்றை ஊன்றுங்கள். மாதம் ஒருமுறை எண்ணுங்கள். எத்தனை கன்று மிஞ்சின என்பதைவிட, நூற்றுக்கு எத்தனை மிஞ்சின என்பதையே ஒப்பிடவேண்டும். அருகில் 40-இல் 4 மிஞ்சி, தொலைவில் 10-இல் 3 மிஞ்சினால், தோற்றத்துக்கு அருகில்தான் அதிகம். ஆனால் பிழைத்த விகிதம் நூற்றுக்கு 10-க்கு எதிராக 30. வாடிய கன்றின் தண்டில் கருமை இருந்தால் பூஞ்சை என்றும், இலை அரித்திருந்தால் பூச்சி என்றும் தனித்தனியே குறியுங்கள். ஒரு மரத்தை வைத்து முடிவு கட்டாமல், நண்பர்கள் நால்வர் நான்கு விளைகளில் செய்து எண்களைச் சேர்த்தால் இன்னும் நல்லது.

தொடங்குமுன், விளையில் புல் வெட்ட வருபவரிடம் குச்சிகளைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்த ஆண்டில் இரண்டு வளையங்களிலும் பிழைத்த விகிதம் சரிசமமாகப் பூஜ்யமாக வந்தது.